மீட்பன் பார்த்த ஒரே படம்

விடிந்ததும் செங்கமலம் செய்கிற முதல் வேலை, புருஷனின் நேற்றைய வியர்வையில் காப்பி போடுவது. செவ்வாய்க் கிரகத்தின் செம்மண்குடியில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். நீர்மீட்பி என்ற இயந்திரம் இரவெல்லாம் வீட்டுக் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி, சுத்தம் செய்து, காலையில் ஒரு குடம் தண்ணீராகக் கொடுத்துவிடும்.

"காப்பி கொஞ்சம் கரிக்குதே," என்றார் ஞானசிகாமணி.

"உங்க வேர்வை. என்னைக் கேட்டா?" என்று சொல்லிவிட்டு அவள் கீரை பறிக்கக் கிளம்பினாள்.

ஞானசிகாமணிக்குக் குடியிருப்பில் இரண்டு பதவி. ஒன்று, பாதுகாப்புக் குழுத் தலைவர். இன்னொன்று, 'மூச்சு மிச்சம்' ரசிகர் மன்றத் தலைவர். எதற்கு அதிக நேரம் செலவழிக்கிறார் என்று கேட்டால் கோபம் வந்துவிடும். 'மூச்சு மிச்சம்', பூமியில் அந்தக் காலத்தில் எடுத்த படம். கதாநாயகன் செவ்வாயில் தனியாக மாட்டிக்கொள்கிறான். காற்று குறையக் குறையப் போராடி, கடைசி மூச்சில் மீட்கப்படுகிறான். எடுத்தவர்களில் ஒருத்தரும் செவ்வாய்ப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. படத்தில் இங்கே மழை கொட்டுகிறது, அந்த மழையில் நனைந்தபடி அவன் டூயட் பாடுகிறான், தனியாளாக. இருந்தாலும் செம்மண்குடியில் அந்தப் படத்துக்குள்ள மரியாதை வேறு எதற்கும் கிடையாது. அதன் வசனம் தெரியாத மாப்பிள்ளைக்கு அங்கே யாரும் பெண் கொடுப்பதில்லை.

பூமியிலிருந்து மீட்பன் என்ற ரோபோ வந்து இறங்கியபோது, கூடவே பயிற்சிப் பாடங்களும் வந்தன. மலை மாதிரி இருந்தன. யார் உட்கார்ந்து அத்தனையையும் அதற்குக் காட்டுவது?

"எதுக்குய்யா இந்த வெட்டி வேலை? செவ்வாயில ஒருத்தனை எப்படிக் காப்பாத்தணும்னு நம்ம படத்தைவிட அருமையா எவன் சொல்லியிருக்கான்?" என்று கேட்டார் ஞானசிகாமணி. மீட்பனை மண்டபத்தில் முதல் வரிசையில் உட்காரவைத்து, படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார். குழு கைதட்டி ஏற்றுக்கொண்டது. கைதட்டுகிற விஷயத்தில் அந்தக் குழுவைக் குறையே சொல்ல முடியாது.

அன்று காலை செங்கமலம் கீரைக்கூடத்தில் இருந்தபோது காற்று இயந்திரம் முக்கி முனகி நின்றுபோனது. இயந்திரம் நின்றால் கதவு தானே பூட்டிக்கொள்ளும். உள்ளேயிருந்து திறக்க வழியில்லை. வெளியே ஒரு சக்கரம் இருக்கிறது, யார் சுற்றினாலும் திறந்துவிடும். இப்படியொரு கதவை யோசித்துக் கண்டுபிடித்த பொறியாளர் பூமியில் பத்திரமாக இருக்கிறார்.

செங்கமலம் சுவரில் தொங்கிய காற்றுக்குப்பியை எடுத்து முகத்தில் மாட்டிக்கொண்டு, சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். மீட்பன் ஓடோடி வந்தது. கதவிலிருந்த சிறிய கண்ணாடி முழுவதையும் அதன் உலோக முகம் அடைத்துக்கொண்டது.

"வந்துவிட்டேன் அம்மா. அஞ்சாதீர்கள்," என்றது அசல் படக்குரலில்.

"அப்பாடா! கதவைத் திற."

"திறப்பேன் அம்மா. ஆனால் இப்போது அல்ல. உங்கள் குப்பியில் முக்கால் பங்கு காற்று இருக்கிறது. இன்னும் இடைவேளையே வரவில்லை."

செங்கமலத்துக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் கதவை ஓங்கி அறைந்தாள்.

"அடப்பாவி! நான் செத்துருவேன்டா!"

"சாக மாட்டீர்கள். கடைசி மூச்சில் காப்பாற்றுவேன். முதல் காட்சியிலேயே காப்பாற்றினால் அதற்குப் பெயர் மீட்பா அம்மா? பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?"

அவள் தொடர்புக் கருவியில் புருஷனைக் கூப்பிட்டாள். "என்னங்க, எங்க இருக்கீங்க? இந்தத் தகரப் பய கதவைத் திறக்க மாட்டேங்குறான்!"

"பயப்படாதே கமலம். அதுக்கு எல்லாம் தெரியும், நான்தானே சொல்லிக்கொடுத்தேன்," என்றது ஞானசிகாமணியின் குரல். பின்னாலே ஏதோ கூட்டத்தின் சலசலப்பு கேட்டது. "நீ மட்டும் கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாயேன்," என்றார்.

அது ஏனென்று கேட்க அவளுக்கு நேரமில்லை. குப்பியின் முள் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். படத்தில் கதாநாயகனுக்குக் கடைசி மூச்சு என்று ஒன்று ரொம்ப நேரம் ஓடும், வசனமெல்லாம் பேசுவான். நிஜத்தில் காற்று தீர்ந்தால் பேச்சு மூச்சு இருக்காது. இதை நம்பிக்கொண்டிருந்தால் கதை கந்தல்தான். 'சரி, உனக்குப் படம்தானே வேணும்? ஓட்டிக் காட்டுறேன் பாரு,' என்று பல்லைக் கடித்தாள்.

"இடைவேளை முடிஞ்சுது!" என்று கத்தினாள்.

"நல்லது அம்மா. ஆனால் பாட்டு வரவில்லையே?"

பாடினாள். செங்கமலத்தின் குரலைப் பற்றி எதுவும் சொல்லாமலிருப்பது நாகரிகம். மழையில்லாத கிரகத்தில் மழைப் பாட்டை இரண்டு சரணமும் விடாமல், கீரைக்கு ஊற்றுகிற தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு பாடினாள். அடுத்து, பூமியில் காத்திருக்கிற தாயாரிடம் கதாநாயகன் மன்னிப்புக் கேட்கும் வசனம். அவளுடைய அம்மா பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறாள், முந்தாநாள்தான் சண்டை போட்டுவிட்டு வந்தாள். ஆனாலும் சொல்லும்போது நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. கடைசியாகப் படத்தின் சுவரொட்டியில் இருக்கிற மாதிரியே ஒரு கையைக் கண்ணாடியை நோக்கி நீட்டியபடி விழுந்து, கண்களை மூடினாள்.

"உச்சக்கட்டம்!" என்று முழங்கிய மீட்பன் சக்கரத்தை ஒரே சுற்றாகச் சுற்றியது. கதவு திறந்தது.

விசில் பறந்தது. கைதட்டல் அடங்கவே இல்லை. செங்கமலம் கண்ணைத் திறந்தாள். நடைக்கூடம் முழுக்க செம்மண்குடியே திரண்டு நின்றது. ஆளுக்கொரு கைப்பேசி. முதல் ஆளாகக் கண்ணீர் வழிய ஞானசிகாமணி நின்றார், ஆனால் கைப்பேசியைப் பிடித்த கை ஆடவில்லை.

"எப்ப வந்தீங்க?" என்று மூச்சிரைக்கக் கேட்டாள்.

"மீட்பனுக்கு முன்னாடியே வந்துட்டேன் கமலம். நான் வராம இருப்பேனா?"

"சக்கரம் உங்க பக்கத்துலதானே இருக்கு? சுத்த வேண்டியதுதானே?"

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "கை வேலையா இருந்துச்சே," என்றார்.

"பாட்டு கொஞ்சம் இழுவை," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

மறுநாள் குழுக் கூட்டத்தில் செங்கமலம் ஆடித் தீர்த்துவிட்டாள். "சினிமாவைப் பார்த்துக் கத்துக்கிட்டதாலதானே இந்தக் கூத்து? இனிமே அது மனுஷங்களைப் பார்த்துக் கத்துக்கட்டும். நிஜமான ஆபத்துல நிஜமான மனுஷங்க என்ன பண்ணுவாங்கன்னு காட்டுங்க!" என்றாள். நியாயமான கோரிக்கை. குழு கைதட்டி ஏற்றுக்கொண்டது.

அதற்குப் பஞ்சமே இல்லை. அன்றைய கைப்பேசிப் பதிவுகள் இருந்தன. போதாதென்று, முன்னோர்கள் பூமியிலிருந்து கொண்டுவந்து பத்திரமாக வைத்திருந்த பதிவுகளும் கிடைத்தன. சாலை விபத்து, தீ விபத்து, வெள்ளத்தில் அடித்துச்செல்லப்படுகிறவர்கள் என்று எதைக் கேட்டாலும் எல்லாக் கோணத்திலும் இருந்தது. மீட்பன் ஒன்றுவிடாமல் பார்த்து மனிதர்களைக் கற்றுக்கொண்டது.

அடுத்த அறுவடைக்குக் கீரை பறிக்கப் போனவர் ஞானசிகாமணி. காற்று இயந்திரத்தைப் பழுதுபார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. அது மறுபடி நின்றது, கதவு பூட்டிக்கொண்டது. இந்த முறை மீட்பன்தான் முதலில் வந்தது. கண்ணாடியருகே நல்ல இடமாகப் பார்த்து நின்று, இரண்டு கைகளையும் உயர்த்தி, உள்ளங்கைக் கேமராக்களை முடுக்கியது. கூட்டம் கூடிவிட்டது.

"மீட்பா! கதவைத் திறடா!" என்று உள்ளே ஞானசிகாமணி கண்ணாடியைத் தட்டினார்.

"கை வேலையா இருக்கு சார்," என்றது மீட்பன். "கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்களேன்."

செங்கமலம் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். அவளைப் பார்த்ததும் ஞானசிகாமணிக்கு உயிர் வந்தது. "கமலம்! சுத்தும்மா, சீக்கிரம் சுத்து!" என்று கும்பிட்டார்.

அவள் சக்கரத்தில் இரண்டு கைகளையும் வைத்தாள். குனிந்து, கண்ணாடி வழியே அவர் குப்பியின் முள்ளைப் பார்த்தாள். முக்கால் பங்கு இருந்தது.

"அதுக்கென்னங்க, சுத்துறேன்," என்றாள். "மொதல்ல பாட்டைப் பாடுங்க."