காட்டிய டிஸ்க்

பென் டிரைவ் துளைக்குள் டக்கென்று உட்காரவில்லை. ஈறைத் தொட்டது போல மெத்தென்று இறங்கியது.

அக்கா வீட்டுக் கம்ப்யூட்டர். யாரோ தலைமுழுகியதை மகளின் படிப்புக்கு ஆகட்டும் என்று அக்கா தூக்கி வந்திருந்தாள். வாரம் முழுக்கக் கடையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவனுக்கு விடுமுறையிலும் அதே பிழைப்பு. தம்பியாகப் பிறந்த பாவம். மழைக்காக ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். பக்கத்து அறையில் குட்டி ஏழாம் வாய்ப்பாட்டைக் கத்திக்கொண்டிருந்தாள். அவன் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை. அவனுடைய அறுவை ஜோக்குக்கெல்லாம் சிரிக்கும் ஒரே ஜீவன்.

"மாமா, இன்னிக்கே ஓடுமா?"

"நீ வாய்ப்பாட்ட முடி. அதுக்குள்ள ஓட வைக்கிறேன்."

ஸ்விட்சைப் போட்டால், அது பென் டிரைவைச் சட்டையே செய்யாமல் உள்ளே இருந்த பழைய டிஸ்க்கிலிருந்தே கிளம்பப் பார்த்தது. பழைய மெஷின்களின் வீம்பு. அணைத்துப் போட்டு, எஃப் பன்னிரண்டு கீயை விடாமல் தட்டி, பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தான். திரை கறுத்தது. கேபினெட்டிலிருந்து வெதுவெதுப்பாக ஒரு நாற்றம் வந்தது. ஊறிய தலைமுடியும் திரிந்த பாலும் கலந்த நாற்றம்.

சனியன் என்று முனகிக்கொண்டே பக்கத் தகட்டைக் கழற்றினான். உள்ளே தூசியும் முடியும் ஈரமாகத் திரண்டு, ஒயர்களோடு பின்னிக் கிடந்தன. டிஸ்க் உடம்புச் சூட்டில் இருந்தது. உருவியபோது மஞ்சளாக என்னவோ நூல் நூலாக நீண்டு, அறுந்து, அவன் மணிக்கட்டில் ஒட்டியது. சட்டையில் தேய்த்தான், போகவில்லை. டிஸ்க்கைப் பழைய பேப்பரில் பொட்டலம் கட்டி ஓரமாகத் தள்ளினான். புது டிஸ்க் பையில் இருந்தது. அதை மாட்டுமுன் பென் டிரைவிலிருந்து கிளம்புகிறதா என்று பார்த்துவிடலாம்.

கிளம்பியது. நீலத் திரையில் இன்ஸ்டாலர் வந்து, புது சிஸ்டத்தை எதில் போடட்டும் என்று கேட்டு, ஒரே ஒரு டிஸ்க்கைக் காட்டியது. கடையில் எத்தனையோ முறை செய்த வேலை. காட்டியதை அழி, புதிதைப் போடு. யோசிப்பதற்குள் கை என்டரைத் தட்டிவிட்டது.

பிறகுதான் பொட்டலம் கண்ணில் பட்டது. பழைய டிஸ்க் அங்கே கிடக்கிறது. புதியது பையில். அப்படியென்றால் இது எதை அழிக்கிறது?

"ஏழெட்டு ஐம்பத்தாறு," என்றாள் குட்டி. "ஏழொம்போது..." தடுமாறினாள். "ஏழெட்டு..."

எவ்வளவு அழிந்தது என்று காட்டும் பச்சைக் கோடு திரையில் நகர்ந்தது.

"ஏழு... ஏ..."

ப்ளக்கைப் பிடுங்கினான். கோடு நகர்ந்தது. பென் டிரைவை இழுத்தான். வரவில்லை. துளை அதைச் சப்பிக்கொண்டிருந்தது.

"குட்டி, இங்க வாம்மா. ஏதாவது பேசு. மாமாகிட்ட பேசு."

எச்சில் கொழகொழக்கும் சத்தம். அவ்வளவுதான்.

கோடு முடிந்தது.

"முடிஞ்சுதாடா?" சமையலறையிலிருந்து அக்கா கேட்டாள்.

குட்டி வந்து கதவருகே நின்றாள். மோவாயில் எச்சில் வழிந்தது, துடைக்கத் தெரியவில்லை. காலோடு மூத்திரம் இறங்கித் தரையில் தேங்கியது. கண்கள் அவன் மேல்தான் இருந்தன. ஆனால் அவனைத் தெரியவில்லை. தான் தூக்கி வளர்த்த பிள்ளையைப் பார்த்தே ஓரடி பின்வாங்கினான்.

திரையில் புதிய சிஸ்டத்தின் முதல் கேள்வி வந்திருந்தது. மொழியைத் தேர்ந்தெடுக்கவும்.

யாரும் தொடாமல் பட்டியலில் தேர்வைக் காட்டும் பட்டை ஒவ்வொரு மொழியாக இறங்கியது. ஒவ்வொன்றுக்கும் குட்டியின் வாய் திறந்தது. கிழவன் குரலில் ஒரு சொல். யாரோ பெண்ணின் குரலில் ஒன்று. எதுவும் அவள் குரலில்லை.

தமிழ் வந்தது.

"மா..." என்று அவள் நாக்கு புரண்டது.

என்டரை அடித்தான். அடித்தான். அடித்துக்கொண்டே இருந்தான்.

பட்டை இறங்கிப் போனது. கடைசி மொழியையும் தாண்டி, எழுத்தே இல்லாத ஒரு வரியில் நின்றது. குட்டி வாயை அகலத் திறந்து பேச ஆரம்பித்தாள்.