மூன்று நிமிடம் பத்து விநாடி

பள்ளிப் பேருந்தை நிறுத்திவிட்டு ரோடீனா வீட்டுக்குள் நுழைந்தபோது மணி காலை பத்து. பிள்ளைகளை இறக்கிவிட்டால் மறுபடி மூன்று மணிக்குத்தான் வண்டி எடுக்க வேண்டும். இடையில் கிடக்கும் இந்த ஐந்து மணி நேரம்தான் அவளுக்கு ஆகாது. பழைய மரவீடு அது. குளிரில் பலகைகள் சுருங்கும்போது மாடியில் யாரோ புரண்டு படுப்பதுபோல் கேட்கும். கணவன் லாக்லின் இருந்தவரை அவள் அதைக் கவனித்ததே இல்லை.

லாக்லின் போய் இந்த மார்ச்சோடு ஒரு வருஷம். கனடாவின் கேப் பிரிட்டன் தீவில் அந்தப் பக்கத்தில் அவன் பிடிலுக்கு ஆடாத கால் கிடையாது. அந்தச் சனிக்கிழமை ஊர் ஹாலில் நடனத்துக்கு வாசிக்கக் கிளம்பியவன், பிடில் பெட்டியோடு உறைந்த ஏரியின் மேல் நடந்து, பாதி வழியில் ஐஸ் உடைந்து உள்ளே போய்விட்டான். மார்ச் மாதத்து ஏரியை நம்பக் கூடாது என்று அங்கே பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். சாலையில் சுற்றிப் போயிருக்கலாமே, ஏன் போகவில்லை?

ஊர் அதற்கு ஒரு பதில் வைத்திருந்தது. அவள் முகத்துக்கு நேரே சொல்லவில்லை, அவ்வளவுதான். தெரிந்தே போனானாம். வீட்டில் என்ன சண்டையோ, யார் கண்டார்கள்!

அன்றைக்கு ரோடீனா தங்கை வீட்டில் இருந்தாள். சண்டையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆனாலும் ஒரு வருஷமாக அந்தக் கேள்வி அவளைத் தின்றது. வேண்டுமென்றே என்னை விட்டுப் போனானா? இது ஒன்று தெரிந்தால் போதும், நிம்மதியாகத் தூங்கிவிடுவாள்.

ஓட்ஸ் டப்பாவைத் தேடி அலமாரியில் கையை விட்டபோதுதான் அந்தச் சின்ன ஒலிப்பதிவுக் கருவி அகப்பட்டது. அதில் ஒரே ஒரு பதிவு. தேதி, அதே சனிக்கிழமை. பிற்பகல் இரண்டே முக்கால். மூன்று நிமிடம் பத்து விநாடி.

அவள் நின்றபடியே கேட்டாள். நாற்காலி கிரீச்சிட்டது. கெட்டில் கொதித்தது. லாக்லின் தொண்டையைச் செருமினான். பிறகு அவன் குதிகால் தரையில் தாளம் போட, 'சிவப்பு மேரியின் வெள்ளைப் பசு' என்ற பழைய மெட்டு துள்ளிக்கொண்டு வந்தது. வாசிப்பில் அத்தனை குஷி. சாகப் போகிறவன் இப்படியா வாசிப்பான்? கேட்கட்டும், ஊரே கேட்கட்டும் என்று அவளுக்கு ஒரு வீறாப்பு வந்தது.

அங்கெல்லாம் சமையலறையில் பதிந்த பாட்டு யாருக்கும் தனிச்சொத்து இல்லை. கேசட் காலத்திலிருந்தே வீட்டுக்கு வீடு பிரதி எடுத்துப் போவார்கள். நாய் குரைத்தாலும், கெட்டில் கூவினாலும் வெட்ட மாட்டார்கள். பிடில்காரர்கள் இணையத்தில் வைத்திருந்த பொதுப்பக்கத்தில் அவள் பதிவை ஏற்றினாள். கீழே எல்லோரும் எழுதுவதையே எழுதினாள்: 'வேண்டியவர்கள் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பேருக்குக் கொடுங்கள்.'

சாயங்காலத்துக்குள் நாற்பது பேர் கேட்டிருந்தார்கள். மறுநாள் காலை இருநூறு. 'அந்தக் குதிகால் ஒன்று போதுமே!' என்று ஒருவர் எழுதியிருந்தார். ஒட்டாவாவிலிருந்து ஒன்றுவிட்ட தங்கை மோராக் எழுதியிருந்தாள்.

'டீனா, நாலாவது நிமிஷத்துல உள்ள வர்றது யாரு?'

நாலாவது நிமிஷமா? இருப்பதே மூன்றுதானே!

ரோடீனா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். நான்கு நிமிடம் இருபத்தைந்து விநாடி என்றது பக்கம். எவனோ ஒட்டு வேலை பார்த்திருக்கிறான் என்று கோபம் வந்தது. அலமாரியிலிருந்து கருவியை எடுத்தாள்.

அதிலும் நான்கு இருபத்தைந்து.

வாசல் கதவின் பூட்டை இழுத்துப் பார்த்தாள். ஜன்னல்களைப் பார்த்தாள். வெளியே பனியில் அவள் காலடி தவிர வேறு தடமில்லை.

மெட்டு முடிந்த பிறகு, பதிவில் இப்போது கதவு திறந்தது. பூட்ஸ் பனியை வாசற்படியில் யாரோ உதைத்து உதிர்த்தார்கள். "வாடா, உள்ள வா" என்றான் லாக்லின். அத்தோடு நின்றது.

அன்றைக்கு அவனை யாருமே பார்க்கவில்லை என்றுதானே போலீஸில் அத்தனை பேரும் சொன்னார்கள்? அப்படியானால் இது யார்? மதியம் பேருந்து ஓட்டும்போது வழியில் கையசைத்த ஒவ்வொரு முகத்தையும் ரோடீனா சந்தேகத்தோடு பார்த்தாள். தபால்காரர், கடைக்காரி, பாதிரியார், ஒருவரையும் விடவில்லை.

அடுத்த நாள் நானூறு பேர் கேட்டிருந்தார்கள். பதிவு ஐந்து நிமிடம் ஐம்பது விநாடிக்கு வளர்ந்திருந்தது. வந்தவன் பேசினான்.

"ஐஸ் நல்லாத் தாங்குதுடா லாக்கி. இப்ப நானே அதுமேலதான் வந்தேன். ரோட்டுல எதுக்குச் சுத்துற?"

அந்தக் குரலுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் கறிக்குழம்பு ஊற்றியிருக்கிறாள். ஹெக்டர். ஊரின் இன்னொரு பிடில்காரன். லாக்லினின் சவப்பெட்டியை முன்னால் நின்று தூக்கியவன்.

அவள் தொலைபேசியில் கூப்பிட்டாள். "டீ போட்டிருக்கேன், வா" என்று மட்டும் சொன்னாள்.

அரை மணியில் ஹெக்டரின் டிரக் முற்றத்தில் வந்து நின்றது. "அட, இன்னைக்கு என்ன விசேஷம்? ஓட்ஸ் பிஸ்கட்டுக்கு வெண்ணெயெல்லாம் வெச்சிருக்க! லாட்டரி விழுந்துதா?" என்றபடி உட்கார்ந்தான்.

"நம்ம பக்கத்துல லாக்கி வாசிச்சது போட்டிருக்கேனே, கேட்டியா?"

"மனசு தாங்காதும்மா. கேக்கல."

"இப்பக் கேளு."

கேட்டான். மெட்டு ஓடும்வரை தலையாட்டினான். கதவு திறந்ததும் கோப்பையைக் கீழே வைத்தான். தன் குரல் வந்ததும் முகம் சாம்பலாகிப் போயிற்று.

"இதை... யாரு பதிஞ்சது?"

"அதை விடு. அன்னைக்கு நீ ஏரி மேலயா வந்த?"

அவன் கோப்பையைத் தள்ளிவைத்தான்.

"ஹெக்டர். ஏரி மேலயா வந்த?"

"ரோட்டுல வந்தேன்."

"அப்புறம் ஏன்டா பொய் சொன்ன?"

ஹெக்டர் அழ ஆரம்பித்தான். "கரையிலயே உடைஞ்சிடும், முழங்கால்வரை நனைவான்னு நெனச்சேன் டீனா. வீட்டுக்கு ஓடி வந்து துணி மாத்திட்டு வர்றதுக்குள்ள முதல் ஆட்டத்துக்கு நான் வாசிச்சிடலாம்னு... முப்பது வருஷமா முதல் ஆட்டம் அவனுக்குத்தான். ஒரே ஒரு நாள் எனக்கு வேணும்னு இருந்துச்சு. கரையில உடையல. சத்தியமா நான் சாகச் சொல்லல."

"தெரிஞ்சே செத்தான்னு ஊரு பேசிச்சே, அப்ப வாய்ல என்ன வெச்சிருந்த? என் மேஜையில உக்காந்து ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை தின்னியே, பாவி!"

"பயம்."

"எழுந்திரு. வெளிய போ."

அவன் போனான். டிரக்கில் ஏறியவன் கிளப்பவில்லை. ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக் கிடந்தான். ரோடீனா மேஜையில் கவிழ்ந்து வாய்விட்டு அழுதாள். வேண்டுமென்று போகவில்லை. தன்னை விட்டுப் போகவில்லை. நடனத்துக்கு வாசிக்கத்தான் போனான். ஒரு வருஷத்துப் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது கணினித் திரை கண்ணில் பட்டது. கேட்டவர்கள் அறுநூற்றுப் பதினொன்று.

ஒன்பது நிமிடம் இரண்டு விநாடி.

ஆறாவது நிமிடத்திலிருந்து ஓடவிட்டாள்.

"அட, இன்னைக்கு என்ன விசேஷம்?" என்றது ஹெக்டரின் குரல்.

சற்று முன் இந்த மேஜையில் பேசிய பேச்சு, நடுவில் ஓடிய பதிவு தவிர, ஒரு வார்த்தை பிசகாமல் வந்தது. யாரும் பதியவில்லை. கருவி அலமாரியில் அணைந்து கிடந்தது. வெளிய போ என்று அவளே கத்தினாள். அவளே அழுதாள். பிறகு பதிவில் டிரக் கிளம்பியது.

முற்றத்தில் டிரக் இன்னும் அசையாமல் நின்றது.

பதிவில் டிரக் கொஞ்ச தூரம் ஓடி நின்றது. கதவு திறந்தது. பனியில் பூட்ஸ் மிதிபட்டது.

பிறகு ஓசை மாறியது. மெல்லிய பலகைமேல் நடப்பதுபோன்ற வெற்று ஓசை.

ஏரி!

அவள் பதறி நிறுத்தினாள். வெளியே டிரக் உறுமியது. கதவைத் திறந்து கத்துவதற்குள் அது சரிவில் இறங்கிவிட்டது. போனை எடுத்தாள்.

"ஹெக்டர், எங்கயும் நிறுத்தாத. நேரா வீட்டுக்குப் போ. சொல்றதக் கேளு!"

"வளைவுல யாரோ நின்னு கை காட்டுறாங்க டீனா."

"யாரா இருந்தாலும் நிறுத்தாத!"

டிரக் நிற்கும் சத்தம் கேட்டது.

"லாக்கி" என்றான் ஹெக்டர், கிசுகிசுப்பாக. "துணியெல்லாம் காஞ்சே இருக்கு. ஐஸ் நல்லாத் தாங்குதாம். இப்ப அதுமேலதான் வந்தானாம்."

"அது நீ அவன்கிட்ட சொன்ன பொய்டா! போகாத!"

கதவு திறந்தது. பனியில் பூட்ஸ் மிதிபட்டது. பிறகு அந்த வெற்று ஓசை.

அவள் திரையைப் பார்த்தாள். கேட்டவர்களின் எண்ணிக்கை அறுநூற்றுப் பதினாலு. அறுநூற்றுப் பதினைந்து. யாரோ இந்த நிமிஷம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கேட்கக் கேட்கத்தான் அவன் கால் நடக்கிறது என்று சட்டென்று அவளுக்கு விளங்கியது. பக்கத்திலிருந்து பதிவை நீக்கினாள்.

போனில் காலடி நின்றது.

"டீனா..." ஹெக்டருக்கு மூச்சு வாங்கியது. "ஏரி நடுவுல நிக்கிறேன். எப்படி வந்தேன்னே தெரியல. கீழ விரிசல் ஓடுது. இப்பக் கால் எனக்கு அடங்குது. திரும்பிட்டேன்."

"பதிவை எடுத்துட்டேன், இனி யாரும் கேக்க முடியாது. மெல்ல வா. வந்த தடத்துலயே வா. உன்மேல எனக்கு ஒண்ணும் இல்ல, வந்துடு!" அதைச் சொல்லும்போது அவள் மனதார அப்படித்தான் நினைத்தாள். "லாக்கி, விட்டுடு அவனை. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அது போதும்!" என்று காலியான சமையலறையைப் பார்த்துக் கும்பிடாத குறையாகக் கெஞ்சினாள்.

கணினியில் மணி அடித்தது. ஒட்டாவாவிலிருந்து மோராக்.

'ஏன் டீனா எடுத்துட்ட? பரவாயில்ல, நான் பிரதி எடுத்து வெச்சிருக்கேன். எல்லாருக்கும் அனுப்பிட்டேன். இங்க அடுக்களையில பதினஞ்சு பேரு உக்காந்து கேட்டுட்டிருக்கோம். எட்டே முக்கால் நிமிஷம் ஓடியாச்சு, யாரோ ஐஸ் மேல நடக்கிறாங்க.'

"டீனா, கால் மறுபடி தானாப் போகுது" என்றான் ஹெக்டர். "யாரு கேக்குறாங்க? நிறுத்தச் சொல்லு!"

அவள் மோராக்கின் எண்ணைத் தேடினாள். விரல்கள் வழுக்கின.

போனில் அடுத்த காலடி விழுந்தது.