பாட்டு நடுவில் எழக்கூடாது

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. மஹ்பூபி போட்ட அலறல் வாலாஜாபேட்டையில் அந்தத் தெரு முழுக்கக் கேட்டது. முதலில் கேட்டது எதிர்வீட்டு விஜயகுமாரிக்கு. அந்தத் தெருவில் எதுவுமே முதலில் அவளுக்குத்தான் கேட்கும்.

அடுப்பில் பால் பொங்கினால் பொங்கட்டும் என்று விட்டுவிட்டு ஓடினாள்.

தனகோடி சார் கூடத்தில் பிரம்பு நாற்காலியில் சாய்ந்திருந்தார். வாய் திறந்திருந்தது. வலது கை பக்கத்து மேசையை நோக்கி நீண்டு, அப்படியே விறைத்துப் போயிருந்தது. அந்த மேசைமேல் எப்போதும் இருக்கும் இன்ஹேலர் இல்லை. எதிரே பழைய ஸ்பூல் ரெக்கார்டரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு முளையில் காலிச் சக்கரம். இன்னொரு முளையில் ஒன்றுமே இல்லை. டேப்பைக் காணோம்.

"கதவு பூட்டித்தான் இருந்துச்சுக்கா. நான்தான் சாவி போட்டுத் தொறந்தேன்" என்றாள் மஹ்பூபி.

இழுத்துச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் கதவு அது. மாற்றுச்சாவி ஒன்றே ஒன்றுதான். அது சமைத்துக் கொடுக்க வரும் மஹ்பூபியிடம் இருந்தது. தன் வாயால் தானே மாட்டிக்கொள்கிறோம் என்று பாவம் அவளுக்குத் தெரியவில்லை.

தனகோடி ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் கெமிக்கல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நுரையீரலை அங்கேயே கொடுத்துவிட்டு, காதுகளை மட்டும் முழுசாக வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஞாயிறு மாலைகளில் அவர் கூடத்தில் நாலைந்து பேர் கூடுவார்கள். பழைய கச்சேரிப் பதிவுகளைக் கேட்பார்கள். கேட்ட பிறகு ஒவ்வொருவரும் என்ன கேட்டோம் என்று சொல்லியாக வேண்டும். ஆனால் பாட்டு நடுவில் பேசக்கூடாது, எழக்கூடாது. தாகமா, கைஜாடைதான். அந்தச் சட்டம் ஒரே ஒரு தடவைதான் மீறப்பட்டது. ஆலாபனை நடுவே விஜயகுமாரிக்கு முறுக்கு தொண்டையில் சிக்கியபோது தனகோடியே எழுந்து ஓடித் தண்ணீர் கொண்டுவந்தார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. சனிக்கிழமையே பதிவை லேப்டாப்பில் ஏற்றி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார். கடைசி உருப்படியை மட்டும் வெட்டி வைத்துக்கொள்வார். "பிரியாணி தம்மை ஆளுங்க உக்காந்த பிறகுதான் உடைக்கணும்" என்பார். கடைசி உருப்படி ஞாயிறு அன்று அவர் கூடத்தில் மட்டும்தான்.

இந்த வாரத்து டேப் வெள்ளிக்கிழமைதான் கைக்கு வந்தது. ஆம்பூரில் தோல் வியாபாரம் செய்யும் ரஃபி அகமது வீட்டுப் பரணில் கிடந்ததாம். ஒரு கல்யாணக் கச்சேரி. வேறு பிரதி கிடையாது. சனிக்கிழமை மதியம் குழுவில் தனகோடியின் குரல்: "இப்பதான் முழுசும் கேட்டு முடிச்சேன். கடைசி விருத்தம் நீங்கலா போட்டிருக்கேன். அதுக்கு நாளைக்கு வந்துடுங்க. திங்கக்கிழமை டேப்பு மெட்ராஸ் ஆவணக் காப்பகத்துக்குப் போவுது. அப்புறம் ஊரே கேக்கலாம்."

சாயந்திரத்துக்குள் அபிப்பிராயங்கள் வந்து குவிந்தன. வேலூர் புரொபசர் மதியழகன் காம்போதி ராகத்தைப் பற்றி நான்கு பத்தி எழுதினார். யாரிடமும் இல்லாத டேப்புகள் தன் பீரோவில் இருக்கின்றன என்பதைச் சொல்லாமல் அவருக்கு ஒரு பத்தியும் முடியாது. சர்ச்சில் ஆர்கன் வாசிக்கும் தானியேல், "சுருதி சுத்தம்" என்று இரண்டே சொல்லில் முடித்துக்கொண்டார். விஜயகுமாரி மட்டும் எப்போதும் போல வேறு தினுசாகக் கேட்டிருந்தாள்.

"பாட்டு நல்லாருந்துச்சு. ஒரு ஆளு இருமிக்கினே இருந்தாரு. கொழந்தை ஒண்ணு அழுதுச்சு. பந்தியில தட்டு வுழுந்துச்சு. ஒரு அம்மா 'மோர் எங்க'ன்னு கேட்டுச்சு."

"விஜயகுமாரி அம்மா பாட்டை விட்டுவிட்டுப் பந்தியைக் கேட்டிருக்கிறார்கள்" என்று புரொபசர் எழுத, சிரிக்கும் மஞ்சள் முகங்கள் வரிசையாக விழுந்தன.

காலை ஒன்பது மணிக்கு இன்ஸ்பெக்டர் சோபனா வந்தார். கதவோரம் ஆணியில் தொங்கிய ஒயர் கூடையை இறக்கினார்.

"யாருது இது?"

"என்துதான் மேடம். நேத்து மூணு மணிக்கு ராத்திரிச் சாப்பாடு வெச்சிட்டுப் போனேன்."

சப்பாத்தி தொடப்படாமல் இருந்தது. டிபன் பாக்ஸுக்கு அடியில் இன்ஹேலர்.

"இது எப்படி உள்ள வந்துச்சு?"

"தெரியல மேடம். சத்தியமா தெரியல."

"முந்தாநாள் அவர்கிட்ட கை நீட்டிச் சண்டை போட்டியாமே?"

விஜயகுமாரி உத்தரத்தைப் பார்த்தாள். அரைமணி நேரத்துக்கு முன்னால் கான்ஸ்டபிளிடம் அதைச் சொன்னது அவள்தான். உண்மையில் நடந்தது, ரசத்தில் உப்பு ஜாஸ்தியா கம்மியா என்ற பேஜார். விஜயகுமாரியின் வாய்க்குள் போய் வந்ததில் அது கைநீட்டலாக வளர்ந்திருந்தது.

மஹ்பூபியை ஜீப்பில் ஏற்றினார்கள். ஏறும்போது அவள் விஜயகுமாரியை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். திட்டியிருந்தாலாவது தேவலை.

அன்று மாலை ராணிப்பேட்டைப் பக்கத்துக் காற்று வீசியது. ஊற வைத்த தோலும் சுண்ணாம்பும் கலந்த அந்த வாடை தெருவில் வந்து உட்கார்ந்துகொண்டது. எதிர்வீட்டில் விளக்கு இல்லை. விஜயகுமாரி ஜன்னலைச் சாத்திவிட்டு அவரைக்காய் ஆய்ந்தபடி போனைத் திறந்தாள். அஞ்சலியாகக் குழுவில் ஆளுக்கு நாலு வார்த்தை பேசுவோம் என்று தானியேல் சொல்லியிருந்தார். புரொபசரின் குரல் கனிந்து, தழுதழுத்து வந்தது.

"தனகோடி கடைசியாக நமக்குத் தந்த பதிவைப் போலவே அவர் வாழ்க்கையும். அந்தக் காம்போதியின் விஸ்தாரம்! பக்கவாத்தியத்துக்கு விட்டுக்கொடுக்கும் அந்தப் பெருந்தன்மை! தம்புராவின் தந்தி அறுந்தும் குரல் தடுமாறாமல் போனதே, அந்த நிதானம்! அப்படித்தான் அவரும் போனார்."

கை நின்றது. விஜயகுமாரி மறுபடி கேட்டாள். பிறகு சனிக்கிழமைப் பதிவை முதலிலிருந்து போட்டாள். இருமல், குழந்தை, தட்டு, மோர். அவரைக்காய் வாடும்வரை கேட்டாள்.

திங்கள் காலை விஜயகுமாரி காவல் நிலையத்தில் நின்றாள். பெஞ்சு ஓரத்தில் மஹ்பூபி வீங்கிய கண்களோடு உட்கார்ந்திருந்தாள்.

"மேடம், அந்தக் கைநீட்டல் நான் கொஞ்சம் சேத்துச் சொன்னது."

"கொஞ்சமா?"

"ஜாஸ்திதான். அத வுடுங்க. சாரோட லேப்டாப் உங்ககிட்டதான இருக்கு? குழுவுல போட்டது வெட்டினது. வெட்டாத முழுப் பாட்டு அதுல இருக்கும். கடைசித் துண்டைப் போடுங்க."

"பாட்டு கேக்கற நேரமாம்மா இது?"

"நான் எப்ப மேடம் பாட்டு கேட்டேன்?"

சோபனா அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு லேப்டாப்பைக் கொண்டுவரச் சொன்னார்.

செவ்வாய் மாலை ஐந்து மணிக்கு அதே கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். பிரம்பு நாற்காலியில் மட்டும் யாரும் உட்காரவில்லை. மஹ்பூபி கான்ஸ்டபிள் பக்கத்தில் நின்றாள். சுவரோரம் சோபனா.

"புரொபசர் சார், சனிக்கிழமை சாயந்திரம் எங்க இருந்தீங்க?"

"வேலூரில். சத்துவாச்சாரியில் என் வீட்டில். சளி. குழுவில் வந்த பதிவைத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன்."

"இந்த வீட்டுக்கு வரல?"

"ஞாயிறு வரத்தான் இருந்தேன்."

"டேப்பை இதுக்கு முன்னாடி எங்கியாவது கேட்டிருக்கீங்களா?"

"எப்படிக் கேட்க முடியும்? பிரதியே கிடையாதே."

சோபனா விஜயகுமாரியைப் பார்த்தார்.

"இன்னா சார், அந்தத் தந்தி அறுந்ததை எங்க கேட்டீங்க?" என்றாள் விஜயகுமாரி.

"எந்தத் தந்தி?"

"அஞ்சலியில சொன்னீங்களே, தம்புராத் தந்தி. நான் பாட்டை வுட்டுட்டுப் பந்தியைக் கேக்கறவதான். அதனாலதான் சொல்றேன். சார் குழுவுல போட்டதுல இருமல் இருக்கு, தட்டு இருக்கு, மோர் இருக்கு. தந்தி அறுந்த சத்தம் மட்டும் இல்ல. மூணு வாட்டி கேட்டேன்."

தானியேல் மெல்ல நிமிர்ந்தார். "விஜி அக்கா சொல்றது சரி. நானும் கேக்கல. நீங்க ஏதோ உவமைக்குச் சொல்றீங்கன்னு நெனச்சேன் சார்."

சோபனா லேப்டாப்பைத் தட்டினார். கடைசி விருத்தம் தொடங்கியது. அந்தப் பழைய குரல் செஞ்சுருட்டி ராகத்தில் ஏறி, உச்சியில் நின்றது. அங்கே பட்டென்று ஒரு சத்தம். தம்புராவின் நாதம் பாதியாகத் தேய்ந்தது. குரல் அசையவில்லை.

கூடத்திலும் யாரும் அசையவில்லை. பாட்டு முடிந்தது.

"இதை அந்தச் சனிக்கிழமை இந்தக் கூடத்துல உக்காந்து கேட்டவருக்குத்தான் தெரியும்" என்றார் சோபனா. "காலையிலயே உங்க வீட்டுக்கு ஆள் அனுப்பிட்டேன். நீங்க கிளம்பி வந்த பிறகு பீரோவைத் தொறந்தாங்க. டேப் கிடைச்சிடுச்சு."

மதியழகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

"காப்பகத்துக்குக் கொடுத்தால் கண்டவனும் கேட்பான். என்னிடம் இருக்கட்டும் என்று கெஞ்சினேன். கேட்கவில்லை. கடைசிப் பாட்டையாவது போடுங்கள் என்றேன். போட்டார். நடுவில் அவருக்கு இளைப்பு வந்தது. இன்ஹேலர் மேசைமேல் இருந்தது. அவருக்கு முன்னால் நான் எடுத்துவிட்டேன்."

"எடுத்து?"

"கையில் வைத்துக்கொண்டேன். அவர் ஜாடை காட்டிக்கொண்டே இருந்தார்."

"நீங்க?"

"கேட்டுக்கொண்டிருந்தேன்."

மஹ்பூபி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்ஹேலரை அந்தப் பொண்ணு கூடையில போட்டுட்டு, டேப்பை எடுத்துக்கினு கதவைச் சாத்திட்டீங்க" என்று முடித்தார் சோபனா. "இவ்வளவு ஜாக்கிரதையா இருந்தவர் தந்தி விஷயத்தை ஏன் சார் வெளிய சொன்னீங்க?"

அதற்கு விஜயகுமாரி பதில் சொன்னாள். "நல்லதா ஒண்ணு கேட்டா, யார்கிட்டயாவது சொல்லாம இவருக்குச் சோறு எறங்காது மேடம். எங்க குழுவுல யாருக்கும் எறங்காது. அதுக்குத்தான குழுவே."

கான்ஸ்டபிள் தோளைத் தொட்டதும் மதியழகன் எழுந்தார். காலி நாற்காலியைப் பார்த்துச் சொன்னார்: "பாட்டு நடுவில் எழக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம்."

"அந்தச் சட்டத்தை அவரே மீறினாரு சார்" என்றாள் விஜயகுமாரி. அவள் குரலில் கேலி இல்லாமல் அந்தத் தெரு அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டது. "ஒரு முறுக்குக்காக எழுந்து ஓடினாரு. நீங்களும் பக்கத்துல உக்காந்துதான இருந்தீங்க?"

ஜீப் போன பிறகு, சோபனா ஆணியிலிருந்து இறக்கி மூலையில் வைத்திருந்த ஒயர் கூடையை விஜயகுமாரி எடுத்து மஹ்பூபியிடம் நீட்டினாள். மஹ்பூபி வாங்கிக்கொண்டாள். விஜயகுமாரி, வாழ்க்கையில் அந்த ஒரு தடவை, எதையும் துருவிக் கேட்கவில்லை.