சாவித் துளையில் குளவிக்கூடு

காவேரி பஸ்ஸை விட்டு இறங்கி நேராக அப்துல் ரஷீத்தின் வீட்டுக்கு வந்தபோது, அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து செருப்புக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். ரிட்டயராகி இரண்டு வருஷம் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. சப்-இன்ஸ்பெக்டராக இருந்த காலத்தில் அவர் யாரையும் அடித்ததாக யாரும் சொன்னதில்லை. உட்கார வைத்துக் கேட்பார், அவ்வளவுதான்.

காவேரிக்கு ஏழாம் மாதம். ரஷீத்தின் மனைவி ஜான் பீ அவளைப் பார்த்ததும் உள்ளே இழுத்து உட்கார வைத்து மோர் கொடுத்தாள். ஜான் பீயின் தம்பி நூர் பாஷா பக்கத்துத் தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்தான். வழக்கு என்றால் போதும், பஞ்சரை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து விடுவான். அன்றும் கையில் கிரீஸோடு வந்து நின்றான்.

"எங்கூட்டுக்காரரப் புடிச்சிட்டுப் போயிட்டாங்க பாய்," என்றாள் காவேரி. "ஏரியூரு பக்கம் மலையடிவாரத்துல நாகன்னு ஒருத்தரு. வெள்ளிக்கெழம ராத்திரி அவர அவரு காட்டுலயே யாரோ சுட்டுட்டாங்க. தொடையில குண்டு. ரைபிள் குண்டாம். அந்தப் பக்கமே எங்கூட்டுல மட்டுந்தான் ரைபிள் இருக்குது."

"உன் புருஷன் எங்க இருந்தாரு அன்னிக்கு?"

"கள்ளக்காய்க் காட்டுக்குக் காவலுக்குப் போயிருந்தாருங்க, பன்னி வந்து கடலையத் தோண்டிடும்னு. ஒண்டியா."

"சாட்சி இல்லே," என்றான் நூர் பாஷா.

"நீ கைய கழுவு மொதல்ல," என்றாள் ஜான் பீ.

"வூட்டுல வேற யாரு இருந்தாங்க?" என்று கேட்டார் ரஷீத்.

"நாந்தான், அசந்து தூங்கிட்டேன். எந்தம்பி முனியப்பன் வளைகாப்புச் சாமானோட வந்திருக்கான், அவனும் டென்ட்டு கொட்டாய்ல படம் பாக்கப் போயிட்டான். திங்கக்கெழம போலீசு வந்து துப்பாக்கிப் பொட்டியத் தொறக்கச் சொன்னாங்க. சாவி நொழையல. பூட்டு ஓட்ட மேல குளவி கூடு கட்டியிருந்துச்சு. வேணாங்க சாமின்னு கால்ல வுழுந்தேன். கத்தியால சொரண்டித் தள்ளிட்டாங்க."

புருஷனைப் பிடித்துப்போனதைச் சொன்னபோது அழாதவள் இதைச் சொன்னபோது அழுதாள். ஜான் பீ புரிந்துகொண்டு அவள் முதுகைத் தடவினாள். வீட்டுக்குள் குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. கட்டிய கூட்டை உடைத்தால் வயிற்றில் இருப்பது தங்காது. கல்யாணமாகி ஒன்பது வருஷம் காத்திருந்தவளுக்கு அது வெறும் மண் உருண்டை இல்லை.

"எப்ப கட்டுச்சு?"

"ஆனி மாசத்துலேங்க. நாலு மாசத்து வயிறு. அதுலேர்ந்து அந்த மூலைய நான் பெருக்கறது கூட இல்ல. அவரும் பொட்டிகிட்டயே போவல."

நூர் பாஷா துள்ளினான். "மச்சான், வழக்கே முடிஞ்சிருச்சு! கூடு உடையாம பூட்டைத் திறக்க முடியாது. ஆனியிலேர்ந்து துப்பாக்கி வெளியே வரவே இல்லே!"

ரஷீத் செருப்பின் அடுத்த காலை எடுத்தார். "இருக்கலாம்."

"வாய்க்கு என்னம்மா புடிக்குது?" என்று பேச்சை மாற்றினாள் ஜான் பீ.

காவேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "மான் கறிக்கா. வெக்கமா இருக்குது. சீசன் முடிஞ்சப்புறம் கேட்டா யாரு தருவா? பங்குனியில பொட்டியப் பூட்டினா அடுத்த பர்மிட்டுக்குத்தான் தொறப்பாரு எங்கூட்டுக்காரரு. பொண்டாட்டி செத்தாலும் தொறக்க மாட்டாரு."

அது 1969. காட்டிலாகா பர்மிட் கொடுத்து மான் சுட விட்ட கடைசி வருஷங்கள். வருஷா வருஷம் சீசன் முடிந்த மறுநாள், காவேரியின் புருஷன் தீர்த்தகிரியின் வீட்டு முற்றத்தில் நடந்ததை அந்தப் பக்கத்து ஆட்கள் பின்னால் ரொம்ப காலம் பேசிக்கொண்டிருந்தார்கள். மான்களைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. அண்டாவில் கொதித்த வெந்நீர், புனல் வைத்துக் குழலில் ஊற்றும்போது மறுமுனையில் கறுப்பாக வழிந்த தண்ணீர், கந்தகமும் எண்ணெயும் கலந்த வாடை, பிறகு குஸ்கா. துப்பாக்கி துடைப்பது ஒரு வேலை, ஆனால் அதற்குக் கூட்டாளிகள் எல்லோரும் வந்துவிடுவார்கள். அந்த வாடை இப்போது யார் வீட்டிலும் கிடையாது.

ஸ்டேஷனில் இளவயது சப்-இன்ஸ்பெக்டர் ரஷீத்துக்கு எழுந்து நின்று மரியாதை செய்தார். ரைபிளை மேசை மேல் வைத்தார். வெளிப்புறம் பளபளவென்று இருந்தது.

"சுட்டுட்டு எண்ணெய் போட்டுத் தொடச்சு வெச்சிருக்கான் சார்."

ரஷீத் போல்ட்டைக் கழற்றி, குழலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். நூர் பாஷாவிடம் நீட்டினார். குழலுக்குள் மேலே எண்ணெய், எண்ணெய்க்கு அடியில் செம்மண் பூசினது போல் துரு.

"சுட்டது இதுதான்," என்றார் ரஷீத். நூர் பாஷாவின் முகம் தொங்கிப்போனது.

"பெட்டியைத் திறந்தப்ப எப்படி இருந்தது?" என்று சப்-இன்ஸ்பெக்டரைக் கேட்டார்.

"கம்பளியில சுத்தி, நீட்டமா. நான் முன்னாடி நின்னு மூடியத் தூக்கினேன், இடது கைக்குத் துப்பாக்கியோட பின்கட்டை தட்டுப்பட்டுச்சு, புடிச்சுத் தூக்கிட்டேன்."

தீர்த்தகிரி லாக்கப்பில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்பு, தாடி வளர்ந்திருந்தது. ரஷீத் காவேரி வந்ததைச் சொன்னார். தலையை ஆட்டினார். வழக்கைப் பற்றிச் சொன்னார். அதற்கும் தலையை ஆட்டினார்.

"குழலுக்குள்ள துரு ஏறியிருக்கு," என்றார் ரஷீத்.

தீர்த்தகிரி எழுந்து கம்பியைப் பிடித்தார். "என்னது?"

"எண்ணெய்க்கு அடியில துரு."

"எந்த நாயி வெந்நி ஊத்தாம எண்ணெ போட்டது? சுட்ட மருந்தோட உப்பு உள்ளயே இருக்கும்ல, அது தின்னுடும்ல குழல! வெந்நி ஊத்தி, காயவெச்சு, அப்புறந்தானே எண்ணெ! எங்கப்பன் காலத்துலேர்ந்து ஒரு பொட்டு துரு கெடையாது பாய் அதுல!" கம்பியை உலுக்கினார். சப்-இன்ஸ்பெக்டர் லத்தியோடு ஓடிவந்தார்.

"உங்க வூட்டுச் சாவி வேற யார்கிட்ட இருக்கு?"

"பொட்டிச் சாவியா? ஒண்ணு எங்கிட்ட. ஒண்ணு கோவிந்தன்கிட்ட. அவன் கூட்டாளி. வெந்நி ஊத்தறதே அவன்தான்."

வெளியே வந்ததும் நூர் பாஷா காதோடு சொன்னான். "கோவிந்தன்தான். சாவி இருக்கு. இப்பத்தான் கான்ஸ்டபிள்கிட்ட விசாரிச்சேன், நாகனுக்கும் அவனுக்கும் ஒரு புளியமரத்துல தகராறும் இருக்கு."

"கூடு?"

"அதான் புரியல. சரி, அவனையே கேப்போம்."

கோவிந்தன் இண்டூரில் மாவு மில் வைத்திருந்தார். தலை முடி, புருவம் எல்லாம் வெள்ளை மாவு. "சுடணும்னா பகல்லயே சுட்டிருப்பேன் பாய், எனக்கென்ன பயம்," என்றார். "புளியமரம் எங்க தாத்தா வெச்சது. நாகனும் அதத்தான் சொல்றான், அவன் தாத்தா வெச்சதுன்னு. ரெண்டு தாத்தாவும் சேந்து வெச்சாங்களோ என்னவோ."

பேசிக்கொண்டே ஸ்விட்ச் போர்டு ஓரத்தில் ஒட்டியிருந்த குளவிக்கூட்டை இடுப்புச் சாவியால் நெம்பித் தள்ளினார். மண் தூளாக விழுந்தது. "தொல்ல. நேத்துதான் ஒண்ணு இடிச்சேன், இன்னிக்கி இன்னொண்ணு."

"உங்க மருமகளும் முழுகாம இருக்கான்னு சொன்னாங்க," என்றார் ரஷீத்.

"அதுக்கு? புள்ளய குளவியா குடுக்குது?" கோவிந்தன் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.

ரஷீத்தும் சிரித்தார். பஸ்ஸில் திரும்பும்போது நூர் பாஷா கேட்டதற்கெல்லாம் "ம்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை தீர்த்தகிரி வீட்டில் எல்லோரும் கூடினார்கள். சப்-இன்ஸ்பெக்டர் தீர்த்தகிரியையும் ரைபிளையும் ஜீப்பில் கொண்டுவந்தார். கோவிந்தன் மாவோடு வந்தார். காவேரி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் தம்பி முனியப்பன் எல்லோருக்கும் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். இருபது வயசு இருக்கும், மீசை சரியாக வரவில்லை.

பெட்டி உள்ளறையில் சுவரை ஒட்டி இருந்தது. தேக்கு, ஆள் நீளம். முன்பக்கம் சாவித் துளையைச் சுற்றிக் கத்தி கீறின வடு. ரஷீத் மூடியைத் திறந்தார். உள்ளே விரித்த கம்பளியில் இடது ஓரத்தில் கறுத்த எண்ணெய்க் கறை, வருஷக்கணக்காக ஊறினது.

"குழலோட வாய் பக்கம் எப்பவும் எங்க?" என்று கேட்டார்.

"இடது பக்கம்," என்றார்கள் தீர்த்தகிரியும் கோவிந்தனும் ஒரே குரலில். "கட்டை வலது கைக்கு."

"நான் திறந்தப்ப கட்டை இடது பக்கம் இருந்துச்சே," என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"பாஷா, பெட்டியை இழுத்துப் பின்பக்கம் பாரு."

நூர் பாஷா இழுத்துக் குனிந்தான். அது அவன் தொழில். "கீலு மூணு இருக்கு மச்சான். மூணு ஆணியும் தட்டி எடுத்திருக்கு, தலையெல்லாம் புதுக் கீறல். ஒண்ணு பழைய ஆணியே இல்லே, சைக்கிள் சக்கரத்துப் போக்ஸ் கம்பியை வெட்டிச் சொருகியிருக்கு. பூட்டைத் தொடாமலே பின்னாலேர்ந்து மூடியத் தூக்கியிருக்கான்!"

ரஷீத் நாற்காலியில் உட்கார்ந்தார். குரலை உயர்த்தவில்லை.

"கூடு உடையல. ஆனா துப்பாக்கி வெளிய போயித் திரும்பி வந்திருக்கு. எடுத்தவன் பெட்டிக்குப் பின்னால நின்னு எடுத்தான், அங்கயே நின்னு வெச்சான். அவன் வலது கைக்குக் கட்டை வர்ற மாதிரி வெச்சான். முன்னாலேர்ந்து பாத்தா அது இடது. இந்த வூட்டு வழக்கம் அவனுக்குத் தெரியாது. வெந்நி ஊத்தணும்னும் தெரியாது. வெளிய தொடச்சு, உள்ளேயும் கொஞ்சம் எண்ணெ விட்டு வெச்சிட்டான். அந்தத் துரு தீர்த்தகிரியோட கை இல்ல. உயிரே போனாலும் அவரு அப்படி வெக்க மாட்டாரு, நேத்து கம்பிய உலுக்கினதப் பாத்தோம்."

"கோவிந்தன்?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"வெந்நி ஊத்தறதே அவரு. அதோட அவருகிட்ட சாவி இருக்கு. சாவி வெச்சிருக்கிறவன் மூணு ஆணி தட்டி எடுக்கறதுக்கு ஒரே காரணந்தான் இருக்க முடியும். கூடு உடையக் கூடாது. கோவிந்தன் குளவிக்கூட்ட சாவியாலயே நெம்பித் தள்ளுற ஆளு. வெளித் திருடனா இருந்தா அவனும் கூட்ட உடைச்சுத்தான் பூட்டத் தொட்டிருப்பான், நீங்களும் அப்படித்தான் பண்ணினீங்க."

சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"பூட்டை உடைக்கிறவனுக்கு இந்த வூட்டுப் புள்ளையப் பத்தி என்ன கவலை? இவனுக்கு இருந்துச்சு. காவேரி வயித்துல இருக்கிறது தங்கணும்னு நெனச்சவன். மான் கறிக்கு அவ ஆசப்பட்டதும் தெரிஞ்சவன். அன்னிக்கு ராத்திரி இந்த வூட்டுக்குள்ள வந்து போனா யாரும் ஏன்னு கேக்காதவன்."

யாரும் முனியப்பனைப் பார்க்கவில்லை. எல்லோரும் பெட்டியையே பார்த்தார்கள். காவேரி மட்டும் தம்பியைப் பார்த்தாள்.

"என்ன படம்டா அன்னிக்கு?" என்று கேட்டாள்.

முனியப்பன் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தான். "படத்துக்குப் போவலக்கா."

அதற்கப்புறம் அவனை யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. "டார்ச்சு அடிச்சேன். ரெண்டு கண்ணு மினுங்குச்சு. மானுன்னுதான் சுட்டேன். அப்புறந்தான் மனுசக் குரலு கேட்டுச்சு. மினுங்கினது நாகண்ணன் ஆட்டோட கண்ணு, அவரு அத ஓட்டிட்டு வந்திருக்காரு. ஓடியாந்துட்டேன். மாமனப் புடிச்சிட்டுப் போனப்பவே சொல்லியிருக்கணும். வளைகாப்பு முடியட்டும், முடியட்டும்னு..."

தீர்த்தகிரி எழுந்து அவனிடம் போனார். அறையப் போகிறார் என்று நூர் பாஷா நடுவில் வந்தான். அறையவில்லை.

"குழல நாசம் பண்ணிட்டியேடா," என்றார்.

காவேரி ரஷீத்தின் அருகில் வந்தாள். "எங்கூட்டுக்காரரக் காப்பாத்துங்கன்னுதான் கேட்டேன் பாய்."

"தெரியும்மா."

"இவனக் குடுத்தா அவரு வருவாருன்னு தெரிஞ்சிருந்தா வந்திருப்பேனான்னு தெரியல."

முனியப்பன் ஜீப்பில் ஏறும்போது அக்கா காலைத் தொட்டான். அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

நாகன் பிழைத்தார். கால் கொஞ்சம் இழுத்தது. அந்தப் பருவமும் அடுத்த பருவமும் அவர் காட்டில் ஏர் ஓட்டியது தீர்த்தகிரிதான். முனியப்பன் ஜெயிலுக்குப் போனான். வளைகாப்பு ஆரவாரமில்லாமல் நடந்தது. கூடு உடைந்தும் பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஆனாலும் காவேரியின் நம்பிக்கை கொஞ்சமும் குறையவில்லை. முனியப்பன் காப்பாற்றின கூடு மாதம் ஏறும்வரை இருந்ததால்தான் குழந்தை பிழைத்தது என்றாள்.

சில வருஷம் கழித்து வேட்டைக்குத் தடைச் சட்டம் வந்தது. பர்மிட் நின்றது. வேட்டையே இல்லாதபோது ரைபிள் எதற்கு என்று தீர்த்தகிரி அதை ஸ்டேஷனில் ஒப்படைக்க முடிவு செய்தார். ஒப்படைக்குமுன் கடைசியாக ஒருமுறை துடைக்கக் கூட்டாளிகளைக் கூப்பிட்டார். ரஷீத்துக்கும் நூர் பாஷாவுக்கும் சொல்லி அனுப்பினார். முற்றத்தில் அண்டா கொதித்தது. முனியப்பன் ஜெயிலிலிருந்து வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. மீசை நன்றாக வளர்ந்திருந்தது. யாரோடும் அதிகம் பேசவில்லை.

கோவிந்தன் சாவியோடு உள்ளே போனார். உடனே காவேரியின் குரல் கேட்டது.

"அண்ணா, தொடாதீங்க!"

எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். சாவித் துளை மேல் புதுக்கூடு, இன்னும் ஈரம் காயாத மண். காவேரி முந்தானையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். தீர்த்தகிரிக்கு அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது.

"இப்ப எப்படித் தொறக்கறது?" என்றார் கோவிந்தன், சாவியைக் கையில் ஆட்டிக்கொண்டு.

முனியப்பன் பெட்டியைச் சுவரிலிருந்து இழுத்தான். நூர் பாஷா தன் பையிலிருந்து சுத்தியலை எடுத்து அவனிடம் நீட்டினான்.

"மொத ஆணி போக்ஸு," என்றான். "அது லேசா வந்துடும்."

முனியப்பன் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கக் குனிந்து தட்ட ஆரம்பித்தான்.