எல்லாரும் ஏறியாச்சோ?

எஞ்சின் வந்து இறங்கிய நாள் நல்ல வெயில். மெக்கானிக் கனிசியஸ் அதைச் சுன்னாகத்திலிருந்து ஒரு சின்ன லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து, பண்டத்தரிப்பில் ஏர்னெஸ்ட் வீட்டு வாசல் படலையடியில் நிறுத்தினார். யப்பான் எஞ்சின். விபத்தில் சப்பளிந்துபோன வான் ஒன்றிலிருந்து கழற்றியது. ஆனால் தங்கமான எஞ்சின் என்று சத்தியம் பண்ணினார். கனிசியஸ் எல்லா எஞ்சினுக்கும் அப்படித்தான் சத்தியம் பண்ணுவார்.

ஷரோன் பின்வளவில் இருந்த கராச்சைத் திறந்தாள். உள்ளே தார்ப்பாய்ப் படங்கால் மூடிக் கிடந்தது அவளுடைய அப்பாவின் ஏ-40 கார். சண்டைக்காலத்தில் இடம்பெயர்ந்து போனபோது ஓடியதுதான் அதன் கடைசி ஓட்டம். திரும்பி வரும்போது உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்து வந்து இங்கே தள்ளிவிட்டார்கள். அதன் பிறகு ஏர்னெஸ்ட் அதை விற்கவும் விடவில்லை, திருத்தவும் விடவில்லை. அந்தக் கராச்சுப் பக்கம் யாராவது போனாலே அவருக்கு மூக்கு நுனியில் கோபம் வந்துவிடும்.

இப்போது தடுப்பதற்கு அவருக்கு ஞாபகம் இல்லை.

வாடகைக்குக் கார் விட்டு, ஹயர் ஓடிப் பிழைத்தவர் அவர். குடாநாட்டில் அவர் அறியாத றோட்டு, ஒழுங்கை கிடையாது. இன்றைக்குக் குசினியிலிருந்து கிணற்றடிக்குப் போக வழி கேட்கிறார். பெற்ற மகளைப் பார்த்து, "நீர் ஆரின்ரை பிள்ளை?" என்று மரியாதையாக விசாரிக்கிறார். போகப்போகப் பழகிவிடும் என்று ஷரோனுக்கு ஆறுதல் சொன்னவர்கள் எல்லாரும் பொய்தான் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் அது புதிதாகவே வலித்தது.

பழைய சாமான்களைக் காட்டிப் பாருங்கள் என்றார் டொக்டர். அவள் படங்களைக் காட்டினாள். அவருக்குப் பிடித்த ஞானப்பாட்டுகளைப் பாடினாள். ஒன்றும் எடுபடவில்லை. மிஞ்சியது கார்தான். அதை ஓட்டமாக்கி, அவரை ஸ்ரியரிங்குக்கு முன்னால் இருத்தினால், ஒரேயொரு தடவை "ஷரோன்" என்று கூப்பிடமாட்டாரா? அவளுக்கு வேறு ஆசை இல்லை. தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் வகுப்பு எடுப்பவள் என்பதால் கை வேலைக்குப் பயமும் இல்லை.

மிரியம் மாமிக்குத்தான் இது கண்ணில் காட்டக்கூடாமல் இருந்தது. ஏர்னெஸ்டின் தங்கை. கல்யாணம் கட்டாமல் இருந்து, தாயில்லாத ஷரோனை வளர்த்து எடுத்தவர்.

"உதைப் போட்டு ஏன் நோண்டுறாய்?" என்றார்.

"அப்பாவுக்காகத்தான் மாமி."

"அவருக்கு மறந்தது மறந்ததாக் கிடக்கட்டும்."

அம்மாவைப் பற்றி அந்த வீட்டில் ஒரேயொரு வசனம்தான் உண்டு. சுகிர்தம் இடம்பெயரேக்கை தவறிட்டா. யாழ்ப்பாணத்தில் தவறுவது என்றால் சாவது. அப்போது பால்பல் கூட விழாத பிள்ளையான ஷரோன், அதை அப்படியே விளங்கிக்கொண்டுதான் வளர்ந்தாள்.

சாய்மனைக் கதிரையில் கிடக்கும் ஏர்னெஸ்ட் இடைக்கிடை தலையைத் திருப்பாமல், வெறும் சுவரைப் பார்த்து, "எல்லாரும் ஏறியாச்சோ?" என்று கேட்பார். ஹயர்க்காரப் பழக்கம். அந்தக் கேள்வி வந்ததும் மிரியம் மாமி எழும்பிக் குசினிக்குள் போய்விடுவார். ஷரோன்தான், "ஓம் அப்பா, ஏறியாச்சு" என்பாள். உடனே அவர் அடங்கிவிடுவார்.

வேலை தொடங்கியது. பழைய எஞ்சினைத் தூக்கி வெளியே போட்டார்கள். எண்ணெய்த் தாங்கியைக் கழற்றிக் கழுவி வெயிலில் காய வைத்தார்கள். ஆசனங்களுக்குப் புதுத் தோல் தைத்தார்கள். ஆனாலும் காருக்குள் தலையை விட்டால் மண்ணெண்ணெய் மணந்தது.

"அந்த நாளையிலை அரசாங்கம் பெற்றோல் வர விடேல்லை, தங்கச்சி. மண்ணெண்ணெயிலைதானே எல்லாம் ஓடினது" என்றார் கனிசியஸ். "ஸ்ராட் பண்ண மட்டும் ரண்டு சொட்டுப் பெற்றோல். இடையிலை நிண்டுதோ, அவ்வளவுதான். பேந்து பெற்றோல் இல்லாட்டிக் கிளம்பாது."

"கழுவின தாங்கியிலை இப்ப எப்பிடி மணக்கும்?"

கனிசியஸ் ஸ்பனரை எடுத்துக்கொண்டு காருக்குக் கீழே படுத்துவிட்டார்.

அடுத்தது கதவு. பின்பக்கத்து இடக்கதவு சாத்தினால் நிற்காது. புதுப் பூட்டுப் போட்டார்கள், பிணைச்சலை மாற்றினார்கள். மாலையில் சாத்திவிட்டுப் போனால் காலையில் அகலத் திறந்து கிடக்கும். ஆரோ ஏறுவதற்காகப் பிடித்துக்கொண்டு நிற்பதைப்போல.

பிறகு நிறம் அடித்தார்கள். இளம் பச்சை. காரை உள்ளே விட்டுக் கராச்சைப் பூட்டிக் காயவிட்டு, மறுநாள் ஷரோன் திறந்து பார்த்தாள். கார் முழுக்கக் கண்ணாடி மாதிரி மின்னியது, டிக்கியைத் தவிர. அதில் இரண்டு உள்ளங்கைகள் பதிந்திருந்தன. விரல்கள் விரிந்து, மேல்நோக்கி, அழுத்தமாக.

தேய்த்து மறுபடி அடித்தாள்.

மறுபடி பதிந்தது.

அன்றைக்குத் தேத்தண்ணி கொண்டுவந்த மிரியம் மாமி அதைக் கண்டார். கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டு, அப்படியே சீமெந்துத் தரையில் குந்திவிட்டார். ஷரோன் பக்கத்தில் இருந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"உது சுகிர்தத்தின்ரை கை" என்றார் மாமி.

"என்ன மாமி கதைக்கிறியள்?"

"அண்டைக்குப் பற்றரி செத்துப்போச்சு. கிடந்த பெற்றோலையும் விட்டாச்சு. நீ என்ரை மடியிலை. உன்ரை அம்மாதான் பின்னாலை நிண்டு தள்ளினவ. இந்த ஒழுங்கையிலைதான். மழை. ஷெல் விழுது. எஞ்சின் பிடிச்சிட்டுது. நான் பின்கதவைத் திறந்து பிடிச்சுக்கொண்டு இருந்தனான், அவ ஓடி வந்து ஏறட்டும் எண்டு."

"பேந்து?"

"கல்லு ஏதோ தடக்கியிருக்கவேணும். விழுந்து எழும்பி ஓடி வந்தா. கார் தூரமாப் போச்சு. அண்ணை திரும்பிப் பாராமல் கேட்டார், எல்லாரும் ஏறியாச்சோ எண்டு." மாமியின் குரல் காற்றாகிவிட்டது. "நிப்பாட்டினால் பேந்து கிளம்பாது, ஷரோன். நீயும் செத்திருப்பாய். நான் ஓம், ஏறியாச்சு எண்டனான்."

ஷரோன் கையை இழுத்துக்கொண்டாள்.

"சந்தியிலை சனத்துக்கை மாட்டின பிறகுதான் அண்ணைக்கு உண்மையைச் சொன்னன். திரும்ப ஏலேல்லை. அவவை ஒருத்தரும் பேந்து காணேல்லை. உயிரோடையும் இல்லை, உடம்பாயும் இல்லை."

ஏறியாச்சு. அந்தச் சொல்லில் ஆர் ஏறினார் என்று இல்லை. மாமி இத்தனை வருசமாக அந்த ஓட்டைக்குள் ஒளிந்துகொண்டு இருந்திருக்கிறார். ஷரோனுக்கு மாமியின் கழுத்தைப் பிடிக்கவேணும் போலவும் இருந்தது, காலைப் பிடிக்கவேணும் போலவும் இருந்தது. வளர்த்த கை, பால் கரைத்துத் தந்த கை. அவள் எழும்பிப் போய் டிக்கியைத் திரும்பவும் தேய்க்கத் தொடங்கினாள்.

அத்தோடு அதை இழுத்து மூடியிருக்கலாம். கனிசியஸும் அப்படித்தான் சொன்னார். ஆனால் எஞ்சின் பூட்டியாகிவிட்டது. இனிப் பற்றரி வைத்து, பெற்றோல் விட்டால் சரி. அப்பாவின் வாயிலிருந்து தன் பெயரைக் கேட்காமல் விட ஷரோனால் முடியவில்லை.

மாரி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், இருட்டுப்படும் மைம்மல் பொழுது. கரண்ட் போயிருந்தது. ஷரோன் விளக்கை எடுத்துக்கொண்டு அப்பாவைப் பார்க்கப் போனாள். சாய்மனைக் கதிரை வெறுமையாகக் கிடந்தது.

கராச்சுக் கதவு திறந்திருந்தது. ஏர்னெஸ்ட் வெள்ளைச் சேட்டுப் போட்டு, பொத்தானெல்லாம் சரியாகப் பூட்டி, காரின் சாரதி ஆசனத்தில் நிமிர்ந்து இருந்தார். கைகள் ஸ்ரியரிங்கில். எத்தனையோ மாதமாக நடுங்கிய கைகள் அவை. இப்போது நடுங்கவில்லை.

"அப்பா" என்றாள்.

"பற்றரி செத்துப்போச்சு. தள்ளும், சுகிர்தம்" என்றார்.

முழுதாக ஒரு பேச்சு. அவர் இப்படிப் பேசிக் கேட்டு எவ்வளவு காலம். அவளுக்குச் சந்தோசத்தில் கண் நிறைந்துவிட்டது. அம்மாவின் பெயர் வந்துவிட்டது, அடுத்தது தன்னுடையதுதான் என்று அந்தப் பேதை மனம் கணக்குப் போட்டது. கொஞ்சம் தள்ளினால் என்ன, முற்றம் வரைக்கும்தானே. அவள் பின்னால் போய், டிக்கியில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினாள்.

கார் அசையவில்லை. மீண்டும் தள்ளினாள்.

திடீரென்று பாரம் பாதியாகக் குறைந்தது.

அவளுடைய கைகளுக்குப் பக்கத்தில் வேறு இரண்டு கைகள் இருந்தன.

ஈரமான கைகள். விரல் மூட்டுகளில் சேறு.

ஷரோன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. காதருகே ஆரோ மூச்சு வாங்கினார்கள். மண்ணெண்ணெய் மணம் மூக்கை அடைத்தது. கார் முற்றத்தைத் தாண்டி, திறந்து கிடந்த படலையைத் தாண்டி ஒழுங்கைக்கு இறங்கியது. ஏர்னெஸ்ட் கியரைப் போட்டார். ஒரு குலுக்கல். எஞ்சின் பிடித்தது. வாங்கிவைத்த பற்றரி இன்னும் பூட்டாமல் விறாந்தையில் கிடந்தது, தாங்கியில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.

கறுத்தப் புகை மழைக்குள் எழும்பியது.

"அப்பா, நிப்பாட்டுங்கோ."

அவள் ஓடினாள். அவளுக்கு இடப்பக்கமாக இன்னொருத்தியும் ஓடினாள். நனைந்த சீலை காலில் அடிபடும் சத்தம் கேட்டது. பின்கதவு தானாகத் திறந்தது. ஷரோனின் கால் ஏதோ கல்லில் தடக்கியது. விழுந்து, முழங்கை உரசி, எழும்பினாள். அதற்குள் ஒரு வெறுங்கால் படியில் ஏறி உள்ளே போவதைக் கண்டாள்.

காருக்குள் ஏர்னெஸ்ட் திரும்பிப் பாராமல் குரல் கொடுத்தார். நல்ல தெளிவான குரல். அவள் குழந்தையாக இருந்தபோது அவளைக் கூப்பிட்ட அதே குரல்.

"ஷரோன் ஏறியாச்சோ?"

ஓடி வந்த களைப்பில் அவளுக்கு வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

பின் ஆசனத்திலிருந்து பதில் வந்தது.

"ஓம். ஏறியாச்சு."

கதவு சாத்திக்கொண்டது. முதல்தடவையாக, சரியாகச் சாத்திக்கொண்டது.

சந்திக்குக் கிட்ட ஒரு பனங்காணி வேலியில் முட்டி நின்ற காரைக் கனிசியஸ்தான் கண்டுபிடித்தார். ஏர்னெஸ்ட் ஸ்ரியரிங்கில் கை வைத்தபடியே உயிர் விட்டிருந்தார். முகத்தில் ஒரு அவதியும் இல்லை, வேலை முடிந்தவரின் முகம். பின் ஆசனத்துப் புதுத் தோல் பிழிந்தால் தண்ணீர் வடியுமளவுக்கு ஊறியிருந்தது. கனிசியஸ் பொனற்றைத் தூக்கிப் பார்த்தார். பற்றரி வைக்கும் தட்டு வெறுமையாகக் கிடந்தது. எஞ்சினைத் தொட்டுப் பார்த்தார், சூடு ஆறவில்லை. அன்றைக்கு அவர் எதற்கும் சத்தியம் பண்ணவில்லை.

வீட்டில் செபம் முடிந்து, பெட்டி முன்னால் சவ வண்டியில் போயிற்று. பின்னால் போக ஒரு வான் பிடித்திருந்தார்கள். சொந்தக்காரர் எல்லாரும் ஏறிவிட்டார்கள். மிரியம் மாமி கடைசி ஆசனத்துக்கு முன்னால், கண்ணாடியோரமாக இருந்தார். ஷரோன் மறந்துவிட்ட மலர்வளையத்தை எடுக்க வீட்டுக்குள் ஓடியிருந்தாள். வான் சாரதி வெளியூர்க்காரர், இந்தக் கதை ஒன்றும் அறியாதவர். சாவியைத் திருப்பிக்கொண்டு, வழக்கமாகக் கேட்பதைத்தான் கேட்டார்.

"எல்லாரும் ஏறியாச்சோ?"

ஷரோன் படலையடிக்கு வந்துவிட்டாள். கையைத் தூக்கினாள்.

ஒருவரும் இல்லாத கடைசி ஆசனத்திலிருந்து ஒரு பெண் குரல், "ஓம், ஏறியாச்சு" என்றது.

வான் வெளிக்கிட்டது. ஷரோன் மலர்வளையத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினாள். கண்ணாடிக்கு அப்பால் மிரியம் மாமி, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, அவளையே பார்த்தபடி போனார்.