மூச்சுக் கணக்கு

அறையில் பூண்டு வாசனை அடித்தது. ரத்மிலா கையிலிருந்த ரொட்டியை முகர்ந்து பார்த்தாள். நோன்புக்கென்று ரொட்டியோடு வெறும் மொச்சையைத்தான் வேகவைத்துக் கொண்டுவந்திருந்தாள், பூண்டே போடவில்லை. செம்பு உருக்கும் அந்த ஊரில், பூண்டு இல்லாத இடத்தில் பூண்டு மணந்தால் உலையிலிருந்து ஆர்சனிக் புகை தப்பி வந்திருக்கிறது என்று பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எழுந்துபோய் ஜன்னலைத் தொட்டுப் பார்த்தாள். இறுக்கமாகத்தான் மூடியிருந்தது.

அன்று புனித நிக்கோலாவின் திருநாள். ஊரில் பாதி வீடுகளில் விருந்து நடந்தது. அலுவலகத்தில் ஈ காக்கை இல்லை. அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாயையும் அடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்தி சாயும் முன்பே குளிர் சுவரிலிருந்து இறங்கி முழங்காலைப் பிடித்தது. அவளை விருந்துக்குக் கூப்பிடாமல் இல்லை. கணவன் வுகோமன் இல்லாமல் அந்த மேசைகளில் போய் உட்கார அவளுக்குத் தெம்பில்லை. உலையிலிருந்து செம்புக் குழம்பு இறங்கும் வாய்க்கு எதிரே நின்று நின்றே அவன் நுரையீரல் போயிற்று, பின்னாலேயே ஆளும் போனான். இனி அங்கே ஒருவனும் அந்தப் புகையைக் குடிக்கக் கூடாது. அதற்காகத்தான் உலைக்கு மேலே தொங்கும் புகை உறிஞ்சும் கூண்டைக் கணினிக்குள் அப்படியே வரைந்து, புகை எப்படி ஓடுகிறது என்று மாய்ந்து மாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கூண்டின் ஓரங்களில் புதிய தகடுகள் பொருத்தியாயிற்று. அவற்றை எவ்வளவு இறக்குவது என்பதை அவள் கணக்குதான் சொல்ல வேண்டும்.

கணக்கு இடித்தது. எழும் புகை ஒன்று கூண்டுக்குள் போக வேண்டும், இல்லையென்றால் கூடத்தில் பரவ வேண்டும். வேறு போக்கிடம் கிடையாது. ஆனால் உலைக்கூடத்து அளவிகள் அனுப்பிய எண்களை ஊட்டியதும், திரையில் நீல இழைகளாக ஓடிய புகையில் ஒரு கீற்று மட்டும் தனியே பிரிந்தது. குழம்பு வாய்க்கு அருகே, ஓர் ஆளின் முகம் இருக்கும் உயரத்தில், காணாமல் போனது. சற்றுப் பொறுத்து அங்கிருந்தே வெளியே வந்தது.

உலைக்கூடத்துக்குப் போன் போட்டாள். வுகோமனோடு வேலை பார்த்த ஸ்ரெதென் எடுத்தான்.

"வாய்க்கு இடப்பக்கம் யாருடா நிக்கிறது?"

"யாரும் இல்ல அண்ணி. அது அண்ணன் நின்ன இடமாச்சே, எவன் மிதிப்பான்? திருநாளாச்சேன்னு ஒரு சொட்டு ராக்கியா சாராயம் அங்க ஊத்திட்டு வந்தேன். மிச்சம் எங்க போச்சுன்னு மட்டும் கேக்காதீங்க."

"விளையாடாத. நல்லா பாரு."

"சத்தியமா யாரும் இல்ல அண்ணி."

அவள் திரையைப் பார்த்தாள். கீற்று உள்ளே போயிற்று. நடுவில் திக்கியது. மறுபடி திக்கியது. பிறகு நீளமாக வெளியே வந்தது. கடைசி மாதங்களில், இரவெல்லாம் பக்கத்தில் விழித்துக் கிடந்து அவள் கேட்ட மூச்சு அது. இழுப்பு. இரண்டு திக்கல். நீண்ட விடுதல்.

பயத்தைவிட முதலில் அவளுக்குப் பாவமாக இருந்தது. இன்னுமா குடித்துக்கொண்டிருக்கிறான்?

"தகட்ட எறக்குறேன்," என்றாள் போனில். விசையை அழுத்தினாள். உலைப்பக்கம் இரும்பு முனகியது.

"அடேயப்பா! அண்ணி, கூடத்தத் தொடச்சு வெச்ச மாதிரி இருக்கு. மூக்குல துளி ஏறல!"

திரையில் இழைகள் எல்லாம் கூண்டுக்குள் போயின. கணக்கு நேரானது. அவளுக்கு அழுகை வந்தது.

"போதும்யா," என்றாள், போனை வைத்துவிட்டு. "குடிச்சதெல்லாம் போதும்."

பூண்டு வாசனை குறையவில்லை. கூடியது.

இப்போது எங்கிருந்தோ வரவில்லை. பக்கத்திலிருந்து.

குளிரில் அவள் விட்ட மூச்சு வெள்ளையாக வந்தது. மேலே எழவில்லை. இடப்பக்கம் வளைந்தது. ஓர் ஆள் நின்றால் முகம் இருக்கும் உயரத்தில், மெலிந்து, காணாமல் போனது.

அவள் மூச்சை அடக்கினாள்.

எதுவும் அசையவில்லை. ஏதோ காத்திருந்தது.

நெஞ்சு வலித்தது. விட்டாள்.

ஒரு திக்கல். இன்னொரு திக்கல்.

அடுத்த மூச்சை அவள் விடவில்லை. அது அவள் வாயிலிருந்து உருவப்பட்டு, வெள்ளை இழையாக, முடிவில்லாமல் இடப்பக்கம் போய்க்கொண்டே இருந்தது.