கொக்கி எந்தப் பக்கம்?

மியூரியல் ஸ்டாக்பூல் வீட்டுக் கம்பிக்கதவு பூட்டியிருக்கவில்லை. விரலால் தள்ளினாலே திறந்துகொள்ளும். ஆயினும் அந்த மனிதர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, உள்ளே வரச்சொல்லும் குரலுக்காக வெயிலிலேயே நின்றிருந்தார். கால்நடை மருத்துவர் டெஸ்மண்ட் குவர்க் தேநீர்க் கோப்பையோடு சன்னலருகே நின்று அவரைக் கவனித்தார். குற்றம் செய்தவன்தான் இப்படித் தயங்குவான் என்று அவர் உள்மனம் உடனே தீர்ப்பெழுதியது.

"வாங்க லெஸ்டர், கதவு தொறந்துதான் இருக்கு" என்றார் மியூரியல். காவல்துறையில் முப்பதாண்டு உழைத்து ஓய்வுபெற்ற அந்த அம்மையாரின் குரல் எதற்கும் உயர்ந்ததில்லை.

லெஸ்டர் மண்டே பூர்வகுடி மனிதர். டக்வெல் பண்ணைக்குப் பின்னாலுள்ள குன்றில்தான் அவருடைய தாய் பிறந்தாள். இன்று அதே குன்றில் ஒரு மான் சுட வேண்டுமென்றாலும் நோரீன் டக்வெல்லிடம் அவர் உத்தரவு கேட்டாக வேண்டும். யாருடைய மண்ணை யாரிடம் கேட்பது என்ற கேள்வியைக் காலம் விழுங்கி ஏப்பமும் விட்டுவிட்டது. அவரோ பதினோரு ஆண்டுகளாக ஒரு முறையும் தவறாமல் கேட்டே நுழைந்தார். கிடைத்த இறைச்சியை ஊரிலிருந்த முதிய உறவினர்களுக்குப் பங்கிட்டார்.

"நோரீன் அம்மாவோட கிடாரிங்க செத்துப்போச்சு" என்றார் லெஸ்டர். "குன்றுக்கும் குட்டைக்கும் நடுவுல ஒரு கேட் இருக்கு. மாடுங்க தண்ணிக்கு வரணும்னு அது எப்பவும் தொறந்தே கெடக்கும். அதை யாரோ சாத்திட்டாங்க. இந்த வெயில்ல தண்ணியில்லாம அந்தப் பக்கமே விழுந்து செத்துருச்சுங்க. சனிக்கிழமை உள்ள போனவன் நான்தான். அதனால நான்தான் சாத்தினேனாம். இனி உள்ள கால் வைக்காதேன்னுட்டாங்க."

"சாத்தினீங்களா?" டெஸ்மண்ட் பாய்ந்தார்.

"தொறந்திருந்துச்சு, தொறந்தே விட்டேன். எப்படிப் பார்த்தோமோ அப்படியே விடணும். இது நடை பழகுறப்பவே எங்களுக்குச் சொல்லிக்குடுத்தது டாக்டர்." தொப்பியின் விளிம்பை அவர் விரல்கள் திருகின. "பள்ளத்தாக்கு பூராவும் பேச்சு பரவிருச்சு. இன்னும் ரெண்டு பண்ணைக்காரங்க போன் பண்ணி வராதேன்னுட்டாங்க. கெட்ட பேரு வாங்கினவனுக்கு இங்க எந்தக் கேட்டும் தொறக்காது."

மியூரியலின் பழைய காரில் மூவரும் புறப்பட்டார்கள். "உதவி கேட்டு முதல்ல ஓடி வர்றவன்தான் பல நேரம் குற்றவாளி" என்று டெஸ்மண்ட் மியூரியலின் காதில் கிசுகிசுத்தார்.

"அப்போ போன மாசம் உங்க கார் திருடுபோச்சுன்னு என்கிட்ட ஓடி வந்தது யாரு டாக்டர்?" என்றார் மியூரியல், சாலையிலிருந்து கண்ணெடுக்காமல்.

நோரீன் டக்வெல் முழங்காலில் கட்டுப்போட்டு வராந்தாவில் அமர்ந்திருந்தாள். அருகே தூணில் சாய்ந்து நின்றான் அவளுடைய அண்ணன் மகன் கேவின். குன்றின் மறுபுறத்துச் சிறுவீட்டில் அவன் குடியிருந்தான். லெஸ்டர் காரைவிட்டு இறங்கவில்லை. இறங்கச் சொல்லி எவரும் அழைக்கவுமில்லை.

"அவரை ஏன் கூட்டிட்டு வந்தீங்க?" நோரீனின் குரல் கசந்தது. "நல்ல மனுசன்னு நம்பினேன். சனிக்கிழமை சாயங்காலம் திரும்பிப் போறப்பகூட இங்க வண்டிய நிறுத்தி, ஒரு மான் தொடை குடுத்துட்டுப் போனாரு. நானும் பல்லைக் காட்டி வாங்கிக்கிட்டேன்."

"மாடுங்களை முதல்ல பார்த்தது யாரு?"

"நான்தான். நாத்தம் வந்துச்சு. இந்தக் காலோட குட்டையைச் சுத்தி நொண்டிக்கிட்டே போனேன். கேட்டுக்கு அந்தப் பக்கம் அப்படியே குவிஞ்சு கெடந்துச்சுங்க. உசுரோட இருந்ததுங்களையாவது காப்பாத்தலாம்னா, கொக்கி எட்டலை. கேட் முழுக்க வலை அடிச்சிருக்கு, கைவிட முடியாது. கடைசியில கம்பி மேல ஏறிக் குதிச்சுத்தான் கழட்டினேன். கட்டுப்போட்ட கால் மறுபடி வீங்கிருச்சு."

மியூரியல் நோரீன் தந்த தேநீரை மெல்ல உறிஞ்சினார். டெஸ்மண்டுக்கோ பொறுமை போய்விட்டது. இந்த அம்மாள் எதைக் கேட்கப் போகிறார்? கேவினைத்தான் பிடிக்க வேண்டும். அவன் கண் ஓரிடத்தில் நிற்கவில்லை.

"நீங்க எங்கே இருந்தீங்க கேவின்?" என்று அவரே கேட்டுவிட்டார்.

"கால்நடைக் கண்காட்சியில. வெள்ளிக்கிழமை போனவன் புதன்கிழமைதான் வந்தேன். ஊரே பார்த்துச்சு, போய் விசாரிங்க. நான் இந்த மண்ணுல வளந்தவன், தண்ணிக்குப் போற கேட்டைச் சாத்துவேனா? சும்மா இல்லாம வேலைக்காரனுங்களை எல்லாம் உள்ள விட்டா இப்படித்தான்."

"அவர் யாருக்கும் வேலைக்காரர் இல்லையே" என்றார் மியூரியல் அமைதியாக. "குன்றுலேருந்து உங்க வீட்டுப் பக்கம் செங்குத்தா ஒரு பின்பாதை இருக்கே, வண்டி இறங்கத்தான் முடியும், ஏற முடியாது. அதோட கதவுல பூட்டு இருக்குல்ல? சாவி யார்கிட்ட?"

"என்கிட்ட மட்டும்தான்." இடுப்பிலிருந்த கொத்தைத் தட்டினான் கேவின். "இது என் இடுப்பை விட்டு இறங்குனதே இல்ல."

"டாக்டர், அந்தப் பூட்டை ஒரு தடவை பார்த்துட்டு வாங்களேன்."

டெஸ்மண்ட் குன்றைச் சுற்றி ஓட்டிப் போனார். திரும்பியபோது அவர் முகம் சிவந்திருந்தது. "பூட்டு உடையல, வேலி அறுபடல. ஆனா புழுதியில அகலமான புது டயர்த் தடம் உள்ளேருந்து வெளிய, கதவுக்கு அடியில நேரா போயிருக்கு. லெஸ்டரோட டயர் வழுக்கை!"

கேவின் தூணிலிருந்து நிமிர்ந்தான்.

"லெஸ்டரையும் கூப்பிடுங்க" என்றார் மியூரியல். லெஸ்டர் வந்து படிக்கட்டின் கீழேயே நின்றார். "நோரீன், கேட்டைச் சாத்துற ஆளு எந்தப் பக்கம் நிக்கிறாரோ அந்தப் பக்கம்தான் கொக்கியை மாட்டுவாரு. வலை இருக்கிறதால மறுபக்கம் கை போகாதுன்னு நீங்களே சொன்னீங்க. லெஸ்டர் வேட்டை முடிச்சு இந்த வழியாத்தான் வெளிய வந்தாரு. இறைச்சி வாங்கின நீங்களே சாட்சி. வெளிய வந்தவர் சாத்தியிருந்தா, கொக்கி குட்டைப் பக்கம் இருந்திருக்கும். நீங்க ஏறிக் குதிச்சிருக்கவே வேண்டாம்."

நோரீன் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"கொக்கி குன்றுப் பக்கம் மாட்டியிருந்துச்சு. அப்படின்னா சாத்தினவன் உள்ள போயி, பின்னால கேட்டைச் சாத்திட்டு, இந்த வழியாத் திரும்பவே இல்ல. வேற வழி ஒண்ணுதான். அதுக்குப் பூட்டு. பூட்டு உடையல."

"நான் ஊர்லயே இல்லேன்னேனே!" கேவின் கத்தினான்.

"ஆமா, நீங்க சாத்தலை. உங்க கை அந்தக் கேட்டைச் சாத்தாது. இந்த மண்ணுல வளந்த எந்தக் கையும் சாத்தாது. பண்ணைக்கு வந்தா கேட்டைச் சாத்தணும்கிற ஒரே ஒரு பாடத்தை மட்டும் தெரிஞ்ச பட்டணத்து ஆளு, மரியாதைன்னு நெனச்சு சாத்தியிருக்கான். ஞாயித்துக்கிழமை நோரீன் சர்ச்சுக்குப் போற நேரம் பார்த்து அவனை வரச்சொன்னது யாரு? அவங்க வீடு திரும்பினப்புறம் அவங்க கண்ணுல படாம வெளிய போக, இடுப்பை விட்டு இறங்காத சாவியை இறக்கிக் குடுத்தது யாரு?"

வராந்தாவின் தகரக்கூரை வெயிலில் படபடத்தது. நோரீன் மருமகனையே பார்த்தாள். "உன் வேட்டைக் கூட்டாளிங்களுக்குக் குன்றைக் குடுன்னு நீ கேட்டப்போ, லெஸ்டருக்கு வாக்குக் குடுத்துட்டேன்னு சொன்னேனே கேவின்."

"ஒருத்தன்தான் அத்தை... ஒரே ஒரு நாளு. மாடு சாகும்னு அவனுக்குத் தெரியாது." அவன் குரல் தேய்ந்தது. "பழி அந்தப் பக்கம் போச்சு. நான் பேசாம இருந்துட்டேன்."

"பேசாமலா இருந்த?" என்றாள் நோரீன். "பண்ணை பண்ணையா போன் போட்டுச் சொன்னதே நீதானே! சாவியை மேசை மேல வை. இப்ப அதே போனை எடுத்து, அதே வீடுங்களுக்கு உண்மையைச் சொல்லு. நான் பக்கத்துல உக்காந்து கேக்கிறேன்."

தனக்குரியதல்லாத அனுமதியைத் தாராளமாக வழங்கியவன் தலைகுனிந்து எண்களைத் தட்டினான். நோரீன் ஊன்றுகோலைப் பற்றி எழுந்து, படியிறங்கி லெஸ்டரிடம் வந்தாள். "மன்னிச்சுருங்க. இனிமே நீங்க கேக்கவே வேண்டாம். எப்ப வேணும்னாலும் வாங்க."

லெஸ்டர் குன்றைப் பார்த்தார். "இல்லம்மா, நான் கேட்டுட்டுத்தான் வருவேன். அது என் பழக்கம். ஆனா அடுத்த தடவை என்னைப் பத்தி யாராச்சும் ஏதாச்சும் சொன்னா, நம்புறதுக்கு முன்னாடி நீங்களும் என்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க."

நோரீன் தலையசைத்தாள்.

திரும்பும் முன் மூவரும் அந்தக் கேட் வரை நடந்தார்கள். எஞ்சிய கிடாரிகள் குட்டையில் முழங்கால் நனைய நின்று குடித்துக்கொண்டிருந்தன. லெஸ்டரை முதலில் சந்தேகித்த வெட்கம் டெஸ்மண்டைப் பிடுங்கித் தின்றது. ஏதாவது உதவி செய்தே தீரவேண்டும் போலிருந்தது. விரிந்து கிடந்த கேட்டைப் பிடித்துச் சாத்தப் போனார்.

"விடுங்க டாக்டர்" என்றார் லெஸ்டர், அன்று முதன்முறையாகச் சிரித்தபடி. "அது தொறந்தே கெடக்கட்டும்."